வேங்கடத்து நறவும் இத்தாலியத் தேறலும்

(சற்று நீண்ட பதிவு. வரலாறு பயிலும் மாணவர்கள் பொறுமையுடன் முழுவதும் வாசிக்க வேண்டுகிறேன்.)

சென்ற வாரம் முதுகலை மாணவர் சிலருடன் உரையாடிக்கொண்டிருந்தபோது ஒருவர், "ஐயா, சங்க காலத் தமிழர் இத்தாலி நாட்டுச் சிவப்பு ஒயின் குடித்தார்கள் என்று படித்தேன். உண்மையா?" என்று கேட்டார். ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் விடை கூற என்னால் இயலவில்லை. காரணம், அந்த வாக்கியத்தை நானும் ஒரு காலத்தில் எழுதியவன்.

முதுகலை இறுதியாண்டில் ஆய்வேட்டின் முதல் வரைவை நெறியாளரிடம் கொடுத்தேன். அதில் "பழந்தமிழர் இத்தாலியச் சிவப்பு மதுவைப் பருகினர்" என்றொரு வாக்கியம் பெருமிதத்தோடு நின்றிருந்தது. பேராசிரியர் அதில் மூன்று சொற்களை வட்டமிட்டுத் திருப்பித் தந்தார். 'இத்தாலிய' என்பதன் மேல் "எப்படித் தெரியும்?" என்றும், 'சிவப்பு' என்பதன் மேல் "யார் பார்த்தது?" என்றும், 'தமிழர்' என்பதன் மேல் "எந்தத் தமிழர்?" என்றும் எழுதியிருந்தார். "தம்பி, உன் ஊர் எது?" என்று மட்டும் வாயால் கேட்டார். "காளஹஸ்தி, ஐயா" என்றேன். "அப்படியானால் மூன்றாவது வினாவுக்கு விடை உன் ஊர்ப்பக்கமே இருக்கிறது, தேடு" என்றார். அந்த மூன்று வட்டங்களையும் கடந்து வர எனக்குச் சில ஆண்டுகள் ஆயின. அவ்வழியை இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் அந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்கலாம். புறநானூற்றின் 56ஆம் பாடல், பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் பாடியது. யவனர் கொண்டுவந்த குளிர்ந்த, மணமுள்ள தேறலைப் பொற்கலத்தில் ஏந்தி மகளிர் நாள்தோறும் ஊட்ட, அரசன் மகிழ்ந்திருக்க வேண்டும் என்று புலவர் வாழ்த்துகிறார். யவனர் 'நன்கலத்தில்' தந்தது என்கிறது பாடல். 'கலம்' என்பதைச் சாடி எனக் கொள்வாரும் உண்டு. மரக்கலம் எனக் கொள்வாரும் உண்டு. இருபொருளும் வரலாற்றுக்குப் பொருந்துவனவே. ஆனால் அந்தத் தேறல் எந்த நாட்டில் விளைந்தது, என்ன நிறம் என்பன பற்றிப் பாடலில் ஒரு சொல்லும் இல்லை. 'யவனர்' என்பதும் இத்தாலியரை மட்டும் சுட்டும் பெயர் அன்று. கிரேக்க மொழி பேசிய எகிப்திய வணிகரும் கீழை மத்தியதரைக் கடலோரத்தவரும் அப்பெயருக்குள் அடங்குவர். ஆக, இலக்கியத்தை மட்டும் நம்பி 'இத்தாலிய' என்ற சொல்லை எழுத எனக்கு உரிமை இல்லை.

அந்த உரிமையைத் தருவது மண். புதுச்சேரிக்கு அருகே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு நடத்தினார். அவருக்குப் பின் 1947 முதல் 1950 வரை கசால், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் ஆகியோர் அங்கே அகழ்ந்தனர். இத்தாலியின் அரெஸ்ஸோ நகர மரபைச் சேர்ந்த செம்மெருகுத் தட்டுகளின் துண்டுகளோடு, ஆம்போரா எனப்படும் இரட்டைக் கைப்பிடிச் சாடிகளின் உடைசல்களும் கிடைத்தன. கூரிய அடியும் நீண்ட கழுத்தும் கொண்ட இச்சாடிகள் அக்காலக் கடல் வணிகத்தின் பீப்பாய்கள். ஒரு சாடி ஏறத்தாழ 25 லிட்டர் கொள்ளும். வெறுஞ்சாடியின் எடையும் சிறிதன்று.

இங்கேதான் தொடக்கநிலை மாணவன் தடுமாறுகிறான். ஆம்போரா என்று கண்டவுடன் மது என்று எழுதிவிடுகிறான். அரிக்கமேட்டுச் சாடிகளை ஆராய்ந்த எலிசபெத் லைடிங் வில், அவற்றுள் மதுச்சாடிகளோடு ஆலிவ் எண்ணெய்ச் சாடிகளும், உப்பிட்டுப் புளிக்கவைத்த மீன்சாறு வந்த சாடிகளும் இருப்பதைக் காட்டினார். மதுச்சாடிகளிலும் ஏஜியன் கடலின் கோஸ் தீவுச் சாடிகளே பெருந்தொகுதி என்பது அவர் கருத்து. அதாவது அங்கு வந்த மதுவில் கணிசமானது இத்தாலியினது அன்று, கிரேக்கத்தினது.

கோஸ் தீவுச் சாடியின் கைப்பிடி இரண்டு தண்டுகளை ஒட்டிவைத்தாற்போல் இருக்கும். அந்த மது புகழ் பெற்றதால் இத்தாலியக் குயவர் அதே கைப்பிடியைப் பார்த்துச் செய்யத் தொடங்கினர். ஜெர்மானிய அறிஞர் ஹைன்ரிக் டிரெசல் 1899இல் வெளியிட்ட வடிவ அட்டவணையின்படி இவ்வகைச் சாடிகளை 'டிரெசல் 2-4' என்று இன்றும் அழைக்கிறோம். ஆகவே கைப்பிடி வடிவத்தை மட்டும் வைத்து ஊரைச் சொல்ல முடியாது. உடைந்த விளிம்பை உருப்பெருக்கியின் கீழ் வைத்துக் களிமண்ணைப் பார்க்க வேண்டும். வெசூவியஸ் எரிமலையைச் சூழ்ந்த கம்பானியா பகுதியின் சாடிகளில் எரிமலைக் கருமணல் பொடிப்பொடியாய் மின்னும். கேரளத்தில், பழைய முசிறியின் பகுதியாகக் கருதப்படும் பட்டணம் என்னும் ஊரில் 2007 முதல் நடந்த அகழாய்வில் இத்தகைய கருமணல் துண்டுகள் மிகுதியாகக் கிடைத்தன. இவையே 'இத்தாலிய' என்ற சொல்லுக்கு உறுதியான சான்று. புதுச்சேரி அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டுத் துண்டுகளைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தபோது, ஒயினின் சுவையே அறியாத நான் அதன் கைப்பிடியை அறியத் தொடங்கினேன்.

இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. ரொபெர்ட்டா டாம்பர் என்னும் மட்பாண்ட ஆய்வாளர் இந்தியத் தொல்லியல் அறிக்கைகளில் 'ரோமானிய ஆம்போரா' என்று பதிவான துண்டுகளை மறுபடி பார்த்தார். அவற்றுட் பல ரோமானியச் சாடிகளே அல்ல. மெசொப்பொத்தேமியா, பாரசீக வளைகுடாப் பகுதியிலிருந்து வந்த கைப்பிடியற்ற 'டார்பிடோ' சாடிகள் என்று கண்டார். ரோமானிய மதுச்சாடியின் உட்புறம் பைன் மரப் பிசினால் பூசப்பட்டிருக்கும். டார்பிடோ சாடியின் உட்புறம் நிலக்கீல். காலமும் பிந்தியது. உட்பூச்சைக் கவனிக்காத ஒரு கண், பாரசீகத்தை இத்தாலியாக்கிவிடுகிறது. ஒரு நூற்றாண்டை வேறொரு நூற்றாண்டாக்கிவிடுகிறது. முதல் வட்டத்தின் பாடம் இதுவே.

இரண்டாவது வட்டம் 'சிவப்பு'. இன்று இத்தாலிய ஒயினைப் பழகத் தொடங்குபவர் நான்கு வினாக்கள் கேட்பார்: எந்த ஊர், எந்தத் திராட்சை, எந்த ஆண்டு, என்ன நிறம். சாடித்துண்டு இவற்றுள் முதல் வினாவுக்குக் களிமண் வழியாகவும், மூன்றாவதற்கு வடிவத்தின் வழியாகத் தோராயமாகவும் விடை தரும். சில சாடிகளின் கழுத்தில் மதுவின் பெயரும் ரோமானிய ஆட்சியாளரின் பெயரால் ஆண்டும் மையால் எழுதப்பட்டிருப்பதும் உண்டு. நிறத்தை வெறும் ஓடு சொல்லாது.

பொ.ஆ. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த மூத்த பிளினி தம் இயற்கை வரலாற்றின் 14ஆம் நூலில் மதுவுக்கு நான்கு நிறங்களைக் குறிக்கிறார்: வெண்மை, பழுப்பு கலந்த பொன்மை, குருதிச் செம்மை, கருமை. இன்றைய 'சிவப்பு, வெள்ளை' என்ற இருபிரிவு அவர்களுக்குப் போதவில்லை. ரோமானியர் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய ஃபலெர்னிய மது, கம்பானியாவின் வடவெல்லையில் மாசிக்கஸ் மலைச்சரிவில் விளைந்தது. பொ.ஆ.மு. 121ஆம் ஆண்டு விளைச்சலின் பெயர் பல தலைமுறைகள் பேசப்பட்டது. அதன் நிறம் ஆண்டுகள் ஏற ஏறப் பொன்பழுப்பாக மாறியது என்பர் ஒரு சாரார்; கருமை என்று பாடிய லத்தீன் கவிஞரும் உண்டு. இன்று அதே பகுதியில் ஃபலெர்னோ டெல் மாசிக்கோ என்ற பெயரில் அலியானிக்கோ திராட்சையிலிருந்து சிவப்பு ஒயின் செய்கிறார்கள். அது பழம்பெயரைத் தாங்கிய இக்காலத்து மது. பழைய மதுவின் நிறத்துக்கு அது சாட்சி ஆகாது.

சுவையும் நாம் கற்பனை செய்வது போன்றதன்று. சாடியின் பிசின் மணம் மதுவில் ஏறியிருக்கும். கோஸ் தீவு முறையில் செய்த மதுவில் கடல்நீரே கலக்கப்பட்டது; அதை இத்தாலியிலேயே போலியாகச் செய்யும் முறையைக் கேட்டோ தம் வேளாண் நூலில் எழுதிவைத்திருக்கிறார். அருந்தும்போது தண்ணீர் கலப்பது வழக்கம். நக்கீரனார் சொன்ன 'தேறல்' என்னும் சொல்லும் நிறத்தைச் சொல்வதன்று. தெளிந்தது என்பதையே சொல்வது. தமிழ்ப் புலவர் தெளிவையும் குளிர்ச்சியையும் மணத்தையும் கண்டார். நிறத்தைக் கூறாது விட்டார். அவர் விட்டதை நான் சிவப்பு மையிட்டு நிரப்பியிருந்தேன்.

மூன்றாவது வட்டமே எனக்கு மிகக் கடினமாயிற்று: 'எந்தத் தமிழர்?'

சாடி வந்த வழியை எண்ணிப் பார்ப்போம். இத்தாலியத் துறைமுகத்திலிருந்து அலெக்சாந்திரியா. அங்கிருந்து நைல் வழியே கோப்டோஸ். பின் ஒட்டக முதுகில் பாலைவனம். கோப்டோசிலிருந்து பெரெனிகே துறைமுகத்துக்குப் பன்னிரண்டு நாள் என்கிறார் பிளினி. செங்கடலின் வாயிலிலிருந்து முசிறிக்கு, காற்று இசைந்தால், மேலும் நாற்பது நாள். பெரெனிகேயில் கிடைத்த முதல் நூற்றாண்டுச் சுங்க ஓட்டுச்சீட்டுகளில் இத்தாலியச் சாடிகளும் சிரியாவின் லவோதிக்கேயச் சாடிகளும் எண்ணிக் கணக்கிடப்பட்டுள்ளன. இத்தனை கை மாறி, இத்தனை சுங்கம் கடந்து வந்த சாடியை யார் வாங்கியிருப்பர்?

அதே நூற்றாண்டைச் சேர்ந்த 'எரித்திரியக் கடலின் பெரிப்ளஸ்' என்னும் கிரேக்க வணிகக் கையேடு இதற்குத் தெளிவான குறிப்பைத் தருகிறது. பாரிகாசா, அதாவது இன்றைய பரூச் துறைமுகத்தில் விற்கும் பொருள்களுள் மதுவை முதலிற் கூறி, அதிலும் இத்தாலிய மதுவே விரும்பப்படும் என்கிறது. அங்குள்ள அரசனுக்கு உயர்ந்த மது தனியே காணிக்கை. ஆனால் முசிறி, நெல்கிந்தா துறைகளைப் பற்றிக் கூறும்போது மது கொண்டு செல்லலாம், மிகுதியாக அன்று என்கிறது. அடுத்து, கோதுமை கொண்டு செல்ல வேண்டிய அளவு கப்பலோடு தொடர்புடையோருக்குப் போதுமானதே. உள்ளூர் வணிகர் அதை உண்பதில்லை என்கிறது. இக்குறிப்பு மிக முக்கியமானது. கடற்கரையில் பருவக்காற்றுக்காகத் தங்கியிருந்த அயலவர் தம் உணவைத் தாமே கொண்டுவந்தனர். எண்ணெயும் மீன்சாறும் சாடிகளில் வந்ததற்கும் அதுவே பெருங்காரணமாக இருந்திருக்கும். மதுவில் ஒரு பங்கும் அவர்களுக்கே உரியது. எஞ்சியது அரண்மனைப் பொற்கலத்துக்கு. 'பழந்தமிழர் பருகினர்' என்று நான் எழுதியபோது, நன்மாறனின் கையில் இருந்த ஒரு கலத்தைத் தமிழகம் முழுவதற்கும் பகிர்ந்து கொடுத்திருந்தேன்.

இனி என் ஊர்ப்பக்கம் வருகிறேன். காளஹஸ்தி இன்று ஆந்திரத்தின் திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. 2022 வரை சித்தூர் மாவட்டம். பொன்முகலி என்று பழந்தமிழ் நூல்கள் கூறும் சுவர்ணமுகி ஆறு வேங்கட மலைப்பக்கமிருந்து எங்கள் ஊரைத் தொட்டுக் கிழக்கே கடலுக்குச் செல்கிறது. எங்களுக்குக் காளத்தி என்றால் கண்ணப்பர். அவர் படைத்த ஊனும் வாயில் முகந்துவந்த நீரும். அந்தக் கதைக்கு நூற்றாண்டுகள் முன்பே, தமிழுலகின் வட எல்லையாகிய இதே வேங்கடத்தின் வேட்டுவரை அகநானூறு பாடியிருக்கிறது. அவர்கள் தலைவன் பெயர் புல்லி.

கல்லாடனாரின் 83ஆம் பாடலில் ஒரு காட்சி உண்டு. தாய்ப்பிடி காட்டில் அலற, புல்லியின் இளையர் யானைக்கன்றைப் பிரித்துக்கொண்டு வருகின்றனர். மரா மரத்தின் கொம்பைப் பிளந்து எடுத்த வெண்ணாரால் இறுகக் கட்டி, கொடிகள் அசையும் கடைவீதியுள்ள மூதூருக்குக் கொண்டுவந்து, நறவு விற்கும் வீட்டின் வாயிலில் பிணித்து நிறுத்துகின்றனர். கன்றுக்கு விலை கள். மாமூலனாரின் 61ஆம் பாடலில் யானையைக் கொன்று எடுத்த வெண்கோட்டைக் கொடுத்து நறவும் நெல்லும் பெற்று நாள்மகிழ்ச்சி கொண்டாடுகின்றனர் புல்லியின் மறவர். நான் பள்ளி நாள்களில் இப்பாடல்களைப் படித்ததே இல்லை. பேராசிரியர் சுட்டிய பிறகே படித்தேன்.

இந்தக் கோடு பிறகு எங்கே போயிற்று என்று பாடல் சொல்லவில்லை. நானும் சொல்லத் துணியேன். ஆனால் யானைக்கோடு கடல் கடந்தது என்பதற்குச் சான்று உண்டு. வியன்னாவில் உள்ள இரண்டாம் நூற்றாண்டு முசிறிப் பாப்பிரஸ், ஹெர்மபோலன் என்னும் கப்பல் கொண்டுவந்த சரக்குகளுள் யானைத் தந்தத்தை எடைபோட்டு மதிப்பிடுகிறது. 1938இல் பொம்பெயி நகரின் ஒரு வீட்டிலிருந்து இந்தியத் தந்தச் சிற்பம் ஒன்று வெளிப்பட்டது. இன்று அது நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பொ.ஆ. 79இல் வெசூவியஸ் வெடித்துப் பொம்பெயியைப் புதைத்தபோது அதுவும் உடன் புதைந்தது. பட்டணத்துச் சாடிகளின் களிமண்ணில் மின்னும் கருமணல், அதே எரிமலையைச் சூழ்ந்த நிலத்தினது. அந்நிலத்தின் மது இந்தியக் கரைக்கு வந்தது. இந்தியக் காட்டின் தந்தம் அந்நிலத்து வீட்டுக்குப் போயிற்று. இரு முனையிலும் பொருள்கள் எஞ்சியுள்ளன. இடையில் நின்ற வேட்டுவன் பெற்றது ஒரு குடம் உள்ளூர்க் கள். அது ஓடாகவும் எஞ்சவில்லை, பாட்டில் மட்டும் எஞ்சியது.

ரோமானியப் பொன் எங்கள் பக்கம் வரவில்லை என்றும் சொல்ல முடியாது. நெல்லூர் அருகே பாறைக்குன்றின் சரிவில் ஏர் உழுத ஓர் உழவரின் கலப்பை செங்கற்கட்டில் இடித்தது. தோண்டியபோது சிறுகோயில் ஒன்றின் இடிபாடும், அதன் அடியில் ரோமானியப் பொற்காசுகள் நிறைந்த சிறுபானையும் கிடைத்தன. டிராஜன், ஹாட்ரியன், ஃபவுஸ்தினா ஆகியோர் பெயர் தாங்கிய காசுகள். சென்னை ஆளுநராக இருந்த அலெக்சாண்டர் டேவிட்சன் 1787இல் எழுதிய மடலில் இதைப் பதிவு செய்தார். உழவர் அவற்றைப் பழம்பொன்னாக விற்றுவிட்டார், பல உருக்கப்பட்டன, முப்பதுக்குச் சற்று மேற்பட்டவையே மீட்கப்பட்டன. காசு நெடுந்தொலைவு உள்நாட்டுக்குள் பயணம் செய்யும். உருக்கினால் தாலியும் ஆகும். மதுச்சாடி அப்படிப் பயணம் செய்யாது. கனமானது, உடைவது, காலியானதும் பயன் குறைவது. ஆகவே அது பெரும்பாலும் துறைமுகத்திலும் அரசிருக்கைகளிலுமே தங்கிவிட்டது.

இதை நான் இத்தனை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 'நம் முன்னோர் இத்தாலிய ஒயின் குடித்தனர்' என்னும் வாக்கியத்தில் ஒரு பெருமை ஒளிந்திருக்கிறது. அயலார் பொருளைப் பொற்கலத்தில் அருந்தியவரே நம் முன்னோர் என்ற பெருமை அது. அதை ஏற்றுக்கொண்டால், நறவு விற்கும் வீட்டு வாயிலில் யானைக்கன்றைக் கட்டியவன் நம் முன்னோர் வரிசையிலிருந்து சத்தமின்றி வெளியேறிவிடுகிறான். நெல்லரிசியில் காய்ச்சிய தோப்பியும், மூங்கிற்குழாயில் நெடுநாள் முதிரவைத்த தேறலும், பனங்கள்ளும் சங்கப் பாடல்களில் யவனத் தேறலைவிடப் பன்மடங்கு பேசப்படுகின்றன. ஆனால் ஆய்வுக் கட்டுரைகளின் தலைப்பில் இடம்பெறுவது யவனத் தேறலே. சாடி சுட்டமண், எஞ்சும், மூங்கிற்குழாய் மக்கிப்போகும். எஞ்சியதை வைத்தே வாழ்வை அளந்தால் வணிகரும் வேந்தரும் மட்டுமே வாழ்ந்ததாக ஆகிவிடும்.

இதனால் யவனத் தேறல் பொய் என்று எவரும் கொள்ள வேண்டாம். கருமணல் மின்னும் ஓடு மெய். நக்கீரனார் பாட்டும் மெய். அவை எதை மெய்ப்பிக்கின்றனவோ அந்த அளவில் நிற்பதே ஆய்வாளன் கடன்.

என் ஆய்வேட்டில் அந்த வாக்கியம் இறுதியில் இப்படி மாறிற்று: "பொ.ஆ. முதல் நூற்றாண்டையொட்டி, கம்பானியா உள்ளிட்ட மத்தியதரைக் கடற்பகுதிகளின் திராட்சை மது தமிழகத் துறைமுகங்களுக்குச் சிற்றளவில் வந்தது. அங்குத் தங்கிய அயல் வணிகரும், பாடல் சான்றின்படி அரசரும் அதனை அருந்தினர். அதன் நிறத்தை அறியச் சான்றில்லை." முதல் வாக்கியத்தின் அழகு இதற்கு இல்லை. பேராசிரியர் இதில் எதையும் வட்டமிடவில்லை. அடுத்த பக்கத்தில் வேங்கடத்துப் புல்லியைப் பற்றி நான் சேர்த்திருந்த பத்தியின் ஓரத்தில் மட்டும், "இது நன்று" என்று எழுதியிருந்தார்.

வினாவெழுப்பிய மாணவருக்கு என் விடை இதுவே. உங்கள் ஊருக்கு மிக அருகில் உள்ள அகழாய்வு இடத்தின் அறிக்கையை எடுங்கள். 'ஆம்போரா' என்று எழுதியுள்ள இடங்களில் கைப்பிடியும் களிமண்ணும் உட்பூச்சும் விவரிக்கப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். பிறகு அதே ஊரைப் பாடிய சங்கப் பாடல் இருப்பின் அதில் யார் எதைக் குடிக்கின்றனர் என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே தாளில் அருகருகே எழுதிப் பாருங்கள். மாற்றுக் கருத்தோ நான் தவறவிட்ட சான்றோ இருப்பின் கீழே எழுதுங்கள், திருத்திக்கொள்ளக் காத்திருக்கிறேன்.